பிரேக்கில் புகுந்த காற்று

மும்பை தாராவியில் 90 அடி சாலை இருக்கிறது. அதை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய கார் பணிமனை. அங்கே வேலை செய்யும் மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சந்தில் உள்ள எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

சனிக்கிழமை மாலை. பணிமனை வாசலில் ஒரு பழைய மாருதி 800 கார் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் தோல் பை தைத்து விற்பவர். மழைக்காலம் முழுவதும் காரை எடுக்கவில்லை. ஜூன் மாதம் நிறுத்தினார். அக்டோபரில்தான் எடுத்தார். சக்கரம் சுற்ற மறுத்தது. ஈரத்தில் நின்று நின்று பிரேக் பாகங்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன.

எனவே பிரேக் முழுவதையும் பிரித்தார்கள். நான்கு சக்கரங்களிலும் வேலை நடந்தது. மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் புது ரப்பர் போட்டார்கள். முன்னால் புது பேட், பின்னால் புது ஷூ. இரண்டு நாள் வேலை. செலவும் கொஞ்சம் இல்லை.

கார்க்காரர் உட்கார்ந்து பெடலை மிதித்தார். பெடல் மெத்தென்று உள்ளே போனது. பஞ்சு மூட்டையை மிதிப்பது போல் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, எல்லாம் புதுசு போட்டும் பெடல் உள்ளே போகுதே?"

மறுபடி மிதித்தார். மூன்றாம் முறை மிதித்தபோது பெடல் மேலே நின்றது. கெட்டியாகவும் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ரெண்டு மூணு தடவை மிதிச்சா பிடிக்குது அண்ணாச்சி. இது போதும். காலையில 5 மணிக்குப் புனே கிளம்பணும். தங்கச்சிக்கு வளைகாப்பு. போயிட்டு வந்து மத்ததைப் பார்த்துக்கலாம்."

"யார் யார் போறீங்க?"

"அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைங்க, நான்."

அண்ணாச்சி காரின் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புனே போகும் வழியில் கண்டாலா மலைச்சாலை இருக்கிறது. திரும்பி வரும்போது அது முழுவதும் இறக்கம். வளைவுகள் உண்டு. முன்னால் லாரிகள் ஊர்ந்து போகும். அங்கே ஒரு லாரி திடீரென்று நின்றால், மூன்று முறை மிதிக்க நேரம் கிடைக்குமா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். மூன்று முறை மிதித்து முடிப்பதற்குள் அது லாரிக்கு அடியில் போயிருக்கும்.

மிதிக்க மிதிக்கப் பிடிக்கும் பிரேக் சரியான பிரேக் அல்ல. எங்கோ ஒரு குறை இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தக் குறையைக் கண்டுபிடிக்காமல் காரை வெளியே எடுக்கக் கூடாது.

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது?

சைக்கிள் பிரேக்கில் கம்பி இருக்கிறது. கையில் பிடித்தால் கம்பி இழுக்கிறது. கட்டை சக்கரத்தில் உரசுகிறது. கார் பிரேக்கில் கம்பிக்குப் பதில் ஆயில் வேலை செய்கிறது.

பெடலுக்கு முன்னால், பானெட்டுக்குள், மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. அதன் தலையில் ஒரு சிறிய ஆயில் டப்பா. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அங்கே உள்ள பிஸ்டன்களை அது தள்ளுகிறது.

மாருதி 800 போன்ற சிறிய கார்களில் முன் சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக் இருக்கும். வட்டமான இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும். பேடைத் தள்ளும் பாகத்துக்குக் கேலிப்பர் என்று பெயர். பின் சக்கரங்களில் டிரம் பிரேக். டிரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து உரசும். அவற்றை விரிப்பது வீல் சிலிண்டர்.

மூடிய இடத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் இதை 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். காலால் மிதிக்கும் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்வது இதனால்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. குழாய் முழுவதும் ஆயில் மட்டுமே இருக்க வேண்டும். காற்று இருக்கக் கூடாது.

சிரிஞ்சு சோதனை

கார்க்காரருக்குக் கோபம். "எல்லாம் புதுசு போட்டுட்டு காத்துன்னு சொன்னா எப்படி?" என்றார்.

அண்ணாச்சி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்தார். ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சு. அதில் நிறையத் தண்ணீர் இழுத்தார். துளி காற்றும் இல்லாமல் வெளியேற்றினார். முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கார்க்காரரிடம் நீட்டினார்.

"அழுத்திப் பாருங்க."

கார்க்காரர் அழுத்தினார். தண்டு அசையவில்லை. கல்லை அழுத்துவது போல் இருந்தது.

அண்ணாச்சி கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டு அந்த இடத்தில் காற்றை இழுத்தார். மறுபடி முனையை அடைத்தார். இப்போது அழுத்தினால் தண்டு உள்ளே போனது. கையை எடுத்தால் மீண்டும் வெளியே வந்தது.

"உங்க பெடல் இப்படித்தானே இருக்கு?"

கார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஆயிலையும் அப்படித்தான். காற்றைச் சுருக்கலாம். ஒரு குழாயில் சிறிய காற்றுக் குமிழி இருந்தாலும் போதும். மிதிக்கும் பலம் முதலில் அந்தக் குமிழியைச் சுருக்கவே செலவாகிறது. மீதிதான் சக்கரத்துக்குப் போகிறது. டிஸ்க்குக்கும் பேடுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் பெடல் சாதாரணமாகக் கொஞ்ச தூரம்தான் இறங்க வேண்டும். குமிழி இருந்தால் பெடல் தரை வரை போய்விடுகிறது.

பிரேக்கைப் பிரித்தால் காற்று புகுவது இயற்கை. அது மெக்கானிக்கின் குற்றம் அல்ல. அதை முழுவதும் வெளியே எடுக்காமல் வண்டியைக் கொடுப்பதுதான் குற்றம்.

காலே சொல்லிவிடும்

பெடல் உள்ளே போகிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். ஆனால் பெடல் மூன்று விதமாக உள்ளே போகும். காலில் அதை உணரலாம். நிதானமாக மிதித்துப் பார்க்க வேண்டும்.

பெடல் மெத்தென்று ஸ்பிரிங் போல் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் கெட்டியாக ஓர் இடத்தில் நிற்பதில்லை. இது பெரும்பாலும் காற்று. சில பழைய கார்களில் ரப்பர் ஹோஸ் வயதாகித் தளர்ந்திருக்கும். மிதிக்கும்போது பலூன் போல் உப்பும். அப்போதும் பெடல் இப்படித்தான் இருக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் தெரிந்துவிடும். புது பேட் சரியாக உட்காராமல் வளைந்து நின்றாலும் கொஞ்சம் ஸ்பிரிங் போல் தோன்றும்.

இரண்டாவது விதம் வேறு. பெடல் நிறைய தூரம் இறங்குகிறது. ஆனால் இறங்கிய இடத்தில் கல் போல் நிற்கிறது. உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நிற்கிறது. இங்கே காற்று இல்லை. பின் சக்கரத்தில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஷூவை நெருக்கி வைக்க வேண்டும். புது ஷூ போட்ட பிறகு இதை மறந்துவிடுவார்கள். பிறகு காற்று எடுத்துக்கொண்டே இருப்பார்கள். டப்பா டப்பாவாக ஆயில் செலவாகும். பெடல் மட்டும் ஏறாது.

மூன்றாவது விதம்தான் மிகவும் ஆபத்து. மிதித்தவுடன் பெடல் கெட்டியாக இருக்கிறது. ஆனால் காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. எங்கோ ஆயில் கசிகிறது என்று பொருள். சக்கரத்தின் உட்பக்கம், குழாய் இணைப்புகள் எல்லாம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே ஒரு சொட்டும் இல்லையா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. டப்பாவில் ஆயில் குறையாது. அதனால் பலர் ஏமாந்துபோவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பூஸ்டர் உள்ள காரில் இன்ஜின் ஓடாதபோது பெடல் பெரும்பாலும் கெட்டியாகத்தான் தோன்றும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சிறிது கீழே இறங்கும். அது குறை அல்ல. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எனவே பெடலை இன்ஜின் ஓடும்போதும் சோதிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்வது போதாது.

மிதி, பிடி, விடு

அண்ணாச்சி மறுபடி காற்று எடுக்க ஆரம்பித்தார். உதவிக்கு ஓர் இளைஞர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறிய நிப்பிள் இருக்கும். அதற்குச் சரியான ஸ்பேனர் வேண்டும். பெரிய ஸ்பேனர் போட்டால் அதன் முனை மழுங்கிவிடும். நிப்பிளில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலுக்குள். பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயில். குழாயின் முனை அந்த ஆயிலுக்குள் மூழ்கியிருந்தது.

"மிதி" என்றார் அண்ணாச்சி. இளைஞர் மெதுவாக மிதித்தார். "பிடி" என்றார். இளைஞர் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். அண்ணாச்சி நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். ஆயிலும் குமிழிகளும் குழாயில் ஓடின. பெடல் இறங்கியது. நிப்பிளை மூடினார். அதன் பிறகுதான் "விடு" என்றார்.

இந்த வரிசை மாறக் கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எடுத்த காற்றைவிடப் புகுந்த காற்று அதிகமாகிவிடும். பணிமனையில் சத்தம் அதிகம். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டும். இளைஞர் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். நல்ல பழக்கம்.

மேலே உள்ள ஆயில் டப்பாவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து முறை மிதித்ததும் ஆயில் ஊற்ற வேண்டும். டப்பா காலியானால் மாஸ்டர் சிலிண்டர் காற்றைக் குடித்துவிடும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது? பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரம் முதலில். நம் நாட்டுக் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம். எனவே பின் இடது சக்கரம்தான் தூரம். பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. சில கார்களுக்கு வரிசை வேறு. காரோடு வந்த கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மிதிப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. வழக்கமாக ஓட்டும்போது பிஸ்டன் பாதி தூரம்தான் போகும். மீதி இடத்தில் பல வருடத் துருவும் அழுக்கும் இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காற்று எடுக்கப்போய் நல்ல மாஸ்டர் சிலிண்டர் கெட்டுவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் இந்த வம்பு இல்லை.

புது மாஸ்டர் சிலிண்டரோ, புது ரப்பர் போட்ட மாஸ்டர் சிலிண்டரோ என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அதற்குள்ளேயே காற்று நிறைந்திருக்கும். காரில் மாட்டுவதற்கு முன்பே அதை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, மெதுவாகத் தள்ளித் தள்ளி, குமிழி நிற்கும் வரை காற்றை எடுக்க வேண்டும். அண்ணாச்சி அதை வெள்ளிக்கிழமையே செய்திருந்தார்.

நான்கு சக்கரங்களிலும் காற்று எடுத்தாயிற்று. குழாயில் குமிழியே வரவில்லை. மணி 7 ஆகிவிட்டது. இளைஞர் பெடலை மிதித்தார்.

"அண்ணாச்சி, இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

கிளாம்பு போட்டுப் பார்த்தார்

இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடும். மறுபடி மறுபடி காற்று எடுப்பார்கள். அல்லது மாஸ்டர் சிலிண்டர்தான் போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கச் சொல்வார்கள். காசு கொடுப்பவர் யார்? வண்டிக்காரர்.

அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. எந்தச் சக்கரத்தில் குறை என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். ரப்பர் ஹோஸை அழுத்தி மூடுவதற்கு ஒரு கிளாம்பு உண்டு. அதன் வாய் வழுவழுப்பாக இருக்கும். சாதாரண பிளையரால் ஹோஸை நசுக்கக் கூடாது. நசுக்கினால் உள்ளே கிழிந்துவிடும்.

சக்கரங்களுக்குப் போகும் எல்லா ஹோஸ்களையும் கிளாம்பு போட்டு மூடினார். இப்போது மிதிக்கச் சொன்னார். பெடல் மேலேயே கல் போல் நின்றது.

"அப்போ மாஸ்டர் சிலிண்டர் நல்லா இருக்கு. அதுல காத்தும் இல்லை" என்றார்.

பின் சக்கரப் பக்கம் கிளாம்பை எடுத்தார். பெடல் கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனால் இறங்கிய இடத்தில் கெட்டியாக நின்றது. இது இரண்டாவது விதம். பின்னால் ஷூ இடைவெளி அதிகம்.

பிறகு முன் இடது சக்கரத்தின் கிளாம்பை எடுத்தார். பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. மறுபடி அதை மூடிவிட்டு முன் வலது சக்கரத்தைத் திறந்தார். அங்கேயும் மெத்தென்று ஆனது.

முன் சக்கரங்கள் இரண்டிலும் காற்று. ஆனால் நிப்பிளைத் திறந்தால் காற்று வரவில்லை. எப்படி?

அண்ணாச்சி கையில் விளக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். சிறிது நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"தம்பி, இங்க வா. நிப்பிள் எங்க இருக்கு பாரு."

இளைஞர் பார்த்தார். நிப்பிள் கேலிப்பரின் கீழ்ப்பக்கம் இருந்தது.

காற்று எப்போதும் மேலே போகும். தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்தால் குமிழி மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் நிப்பிளைக் கேலிப்பரின் மேல்முனையில் வைத்திருக்கிறார்கள். இடது கேலிப்பரை வலது பக்கமும், வலது கேலிப்பரை இடது பக்கமும் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். மாட்டும்போது எல்லாம் பொருந்தியது போலவே இருக்கும். போல்ட்டும் ஏறும். பேடும் உட்காரும். ஆனால் நிப்பிளைத் திறந்தால் கீழே உள்ள ஆயில்தான் வரும். மேலே உள்ள காற்று அங்கேயே தங்கிவிடும். நூறு முறை மிதித்தாலும் வராது.

இளைஞர் முகம் வாடியது. இரண்டு கேலிப்பர்களையும் ஒரே மேஜையில் வைத்துத் துடைத்தவர் அவர்தான். எது இடது, எது வலது என்று அடையாளம் வைக்கவில்லை.

"எனக்கும் ஒரு காலத்துல இதே நடந்துச்சு. ராத்திரி பூரா மிதிச்சேன்" என்றார் அண்ணாச்சி. ஒரு சாக்பீஸை எடுத்து இளைஞரிடம் கொடுத்தார். "கழட்டுறதுக்கு முன்னாடி எழுது. 'இ' போடு, 'வ' போடு."

எழுதப் படிக்கத் தெரிந்தால் பணிமனையில் அது இப்படியும் உதவும். அந்த இளைஞர் ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் இரவு வகுப்பில் அந்த இரண்டு எழுத்துகளையும் கற்றார்.

கேலிப்பர்களைக் கழற்றி இடம் மாற்றினார்கள். ஹோஸ் சேரும் இடத்தில் செம்பு வாஷர் உண்டு. ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும். அண்ணாச்சி புது வாஷர் போட்டார். அது சில ரூபாய்தான். அதைப் போட மறுப்பவர்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பிறகு பின் டிரம்களைப் பார்த்தார்கள். ஷூவை நெருக்கி வைத்தார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும். ஆனால் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கிவிட்டால் ஓடும்போது டிரம் சூடாகிவிடும். சில கார்களில் இந்த இடைவெளி தானாகவே சரியாகும் அமைப்பு இருக்கிறது. அவற்றிலும் புது ஷூ போட்டவுடன் முதல் முறை கையால் சரிசெய்வது நல்லது.

மீண்டும் காற்று எடுத்தார்கள். இப்போது முன் சக்கரக் குழாயில் குமிழிகள் சரம் சரமாக வந்தன. கார்க்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கேலிப்பரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார் அண்ணாச்சி. ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் குமிழிகளும் வந்தன.

எந்த ஆயில்?

டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்த்து அதையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய தவறு. இன்ஜின் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும். அப்புறம் எல்லா ரப்பரையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பாகங்களை மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கழுவும் பழக்கம் பல பணிமனைகளில் இருக்கிறது. இரும்புக்கு அது சரி. பிரேக் ரப்பருக்கு அது விஷம். உள்பாகங்களைச் சுத்தமான பிரேக் ஆயிலில் கழுவலாம். அல்லது ஸ்பிரிட்டில் கழுவிக் காயவிடலாம்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மும்பை போன்ற கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயில் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155.

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். ஈரம் சேர்ந்த பழைய ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். மேலே கிளம்பும்போது நன்றாக இருந்த பெடல், பாதி இறக்கத்தில் தரையைத் தொடும். எனவே இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்குத்தான்.

இதனால் பாட்டிலில் பிடித்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது. மாதக்கணக்காகத் திறந்து கிடந்த டப்பா ஆயிலையும் ஊற்றக் கூடாது. "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் காரின் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெயிண்ட் உரிந்துவிடும். கண்ணில் பட்டாலும் நிறையத் தண்ணீரால் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு நிமிடம் மிதித்துப் பிடி

இரவு மணி 9. இன்ஜினை ஓடவிட்டார்கள். அண்ணாச்சி தானே உட்கார்ந்து பெடலை அழுத்தி மிதித்தார். பெடல் கொஞ்சம் இறங்கிக் கெட்டியாக நின்றது. காலை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பிடித்திருந்தார். பெடல் இறங்கவில்லை.

அதே நேரத்தில் இளைஞர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த செய்தித்தாள் துண்டால் தொட்டுப் பார்த்தார். கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளில் ஈரம் தெரியும். மூன்று சக்கரங்களில் தாள் காய்ந்திருந்தது. பின் இடது சக்கரத்தில் தாளின் ஓரம் நனைந்தது. குழாய் நட் சரியாக இறுகவில்லை. அதை இறுக்கி, துடைத்து, மறுபடி சோதித்தார்கள். இப்போது தாள் நனையவில்லை. அந்தச் சக்கரத்தில் மட்டும் மீண்டும் காற்று எடுத்தார்கள்.

"சாவியைக் கொடுங்க அண்ணாச்சி" என்றார் கார்க்காரர்.

"இன்னைக்கு இல்லை. வண்டி இங்கேயே நிக்கட்டும். ராத்திரியில சின்னக் குமிழி எல்லாம் மேல வந்து சேரும். காலையில 6 மணிக்கு வாங்க. இன்னொரு தடவை காத்து எடுத்துட்டு, மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்."

"5 மணிக்குக் கிளம்பணும்னு சொன்னேனே!"

"வளைகாப்பு எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரைக்கு."

"அப்போ 7 மணிக்குக் கிளம்பினாலும் போகலாம். லேட்டானா தங்கச்சி கோபிச்சுக்கும். அவ்வளவுதானே?"

கார்க்காரர் வீட்டுக்கு நடந்து போனார்.

காலையில் அவர் வந்தபோது அண்ணாச்சி வேலையை ஆரம்பித்திருந்தார். முன் வலது சக்கரத்தில் இரண்டே இரண்டு குமிழிகள் வந்தன. மற்ற மூன்றிலும் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சந்து காலியாக இருந்தது. அண்ணாச்சி முதலில் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடித்தார். இடது கை கைபிரேக்கில் தயாராக இருந்தது. கைபிரேக் கம்பியால் வேலை செய்வது. ஆயில் பிரேக் கைவிட்டாலும் அது பின் சக்கரங்களைப் பிடிக்கும். பிறகு 20 கிலோமீட்டர் வேகம், பிறகு 40. கார் நேராக நின்றது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

"புது பேடு, புது ஷூ. நல்லா உரசிப் படியிற வரைக்கும் பிரேக் கொஞ்சம் குறைவாத்தான் பிடிக்கும். முன்னாடி போற வண்டிக்கு இடம் விட்டு ஓட்டுங்க. பன்வெல்ல நிறுத்தி நாலு சக்கரத்தையும் குனிஞ்சு பாருங்க. ஈரம் இருந்தா மலை ஏறாதீங்க. எனக்கு போன் பண்ணுங்க."

கார்க்காரர் உட்கார்ந்து பெடலை மிதித்தார். ஒரே முறை. பெடல் நின்றது. மறுபடி மிதித்துப் பார்க்கவில்லை.

பின் சீட்டில் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். மணி ஏழே கால்.